ஸ்பானிய வினையும் நன்னூல் தந்த திறப்பும்

நம் வீட்டு முன்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். விருந்தினர் வந்தாற் கதிரை இடுகிறோம். புத்தகத்தை மேசைமேல் வைக்கிறோம். காற்று வர யன்னலைத் திறக்கிறோம். உடுப்புகளை அலுமாரியில் அடுக்குகிறோம். காலையிற் கடைக்குச் சென்று பாண் வாங்குகிறோம். வெளியே போய் வந்தவர் வாசலிற் சப்பாத்தைக் கழற்றுகிறார்.

கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, பாண், சப்பாத்து ஆகிய ஆறும் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சொற்கள். இனி, அதே வாக்கியங்களில் உள்ள வினைகளை நோக்குவோம். இடு, வை, திற, அடுக்கு, வாங்கு, கழற்று ஆகிய அனைத்தும் தமிழ். பாடசாலையில் மாணவர் அமரும் ‘வாங்கு’ போர்த்துக்கேயம். கடையிற் பொருளை ‘வாங்கு’ என்னும் வினை தமிழ். ஓசை ஒன்றே, பிறந்த ஊர் வேறு.

இது தற்செயலன்று. பெயர்ச்சொல் பொருளோடு பயணஞ் செய்வது. கப்பலிற் பொருள் வந்திறங்கும்போது அதன் பெயரும் உடன் இறங்கிவிடுகிறது. வினைச்சொல்லோ அவ்வாறு எளிதிற் புறப்படுவதில்லை. காலம், இடம், எண் முதலியவற்றைக் காட்டும் உறுப்புகள் அதனோடு பிணைந்து கிடத்தலின், அது தன் மொழியின் எலும்புக்கூட்டோடு ஒட்டியிருக்கிறது. ஆங்கில வினைகளை இன்று நாம் எடுத்தாளும்போதும் ‘பண்ணு’, ‘செய்’ என்னுந் தமிழ் வினையைத் துணையாகச் சேர்த்தே ஆளுகின்றோம். ஆகவே, ஒரு மொழியின் பெயர்ச்சொற்களை நூறு கற்றவன் அம்மொழியின் முற்றத்தை மிதித்தவனாவான். அதன் வினையொன்றை முற்றாகக் கற்றவனே வீட்டினுள் நுழைந்தவன்.

இவ்வாரம் நாம் நுழைய எண்ணும் வீடு ஸ்பானிய மொழி.

நமக்கும் ஸ்பானியத்துக்கும் என்ன உறவு?

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. இவ்வளவும் பாடப் புத்தகத்தில் உள்ளது. மாணவர் பலர் கவனியாத செய்தி ஒன்றுண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியை ஸ்பானிய அரசரே தரித்திருந்தனர். எனவே, நல்லூர் வீழ்ந்த 1619இல் போர்த்துக்கேயப் படையினர் எவருடைய பெயரால் இம்மண்ணைக் கைக்கொண்டனரோ, அவ்வரசர் ஸ்பானிய நாட்டை ஆண்ட மூன்றாம் பிலிப்பு. இங்கே ஆட்சி நடத்தியவர் பேசியது போர்த்துக்கேயம். அவர்கள் வணங்கிய அரசரின் மொழி ஸ்பானியம். இரண்டும் இலத்தீனின் புதல்வியர். போர்த்துக்கேய வினையையும் ஸ்பானிய வினையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் சகோதரிகளின் முகச்சாயலை எளிதிற் காண்பர்.

இன்று ஸ்பானியம் இருபது நாடுகளில் அரச மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளுள் ஒன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம்மவர் பிள்ளைகள் பலர் பாடசாலையில் அதனைக் கற்கின்றனர். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்பானிய வினையின் ஆறு வடிவங்களையும் தடங்கலின்றி ஒப்புவிக்கும் பிள்ளை, அம்மம்மாவிடம் ‘நான் எடுக்குது’ என்று கூறித் தடுமாறுவதும் உண்டு. இந்நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆற்றல் இல்லாமையால் அப்பிள்ளை தடுமாறவில்லை. ஸ்பானியத்தை வாய்பாடாக்கிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், தமிழை அவ்வாறு கொடுத்தவர் இல்லை.

இங்குள்ள மாணவர் நிலையோ மறுதலையானது. நன்னூற் பதவியலைப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மூடி வைத்துவிடுகின்றனர். அந்தப் பதவியல் பிறமொழி வீட்டையும் திறக்கவல்ல திறப்பு என்பதை அவர்களுக்கு யாரும் கூறுவதில்லை. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பகுதியும் விகுதியும்

பவணந்தி முனிவர் பகுபதத்தின் உறுப்புகளை ஆறாக வகுத்தார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன அவை. ‘எடுத்தனன்’ என்னுஞ் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘எடு’ பகுதி, முதலில் வரும் ‘த்’ சந்தி, அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை, ‘அன்’ சாரியை, இறுதி ‘அன்’ ஆண்பால் விகுதி. செயல் இன்னது என்பதைப் பகுதியும், காலம் இன்னது என்பதை இடைநிலையும், செய்தவர் இன்னார் என்பதை விகுதியும் உணர்த்துகின்றன. எழுவாயைக் கூறாவிடினும் பொருள் குறைவதில்லை. ‘எடுத்தேன்’ என்றால், எடுத்தவர் யார் என்று எவரும் வினவார்.

ஆங்கிலம் பயின்ற நமக்கு இவ்வமைப்பின் அருமை தோன்றுவதில்லை. ஆங்கில வினையில் விகுதி பெரும்பாலும் தேய்ந்துபோயிற்று. ‘நான்’, ‘நீ’, ‘அவர்கள்’ என ஒவ்வொரு முறையும் எழுவாயைக் கூறியே தீரவேண்டும். ஸ்பானியம் அப்படியன்று. அது தமிழைப் போலவே விகுதியால் ஆளைக் காட்டும் மொழி. ஆகையால் ஆங்கில மாணவன் வியந்து நிற்கும் வாசலில் தமிழ் மாணவன் தன் வீட்டு வாசலிற் போல நுழையலாம். இரு மொழிகளும் உறவு மொழிகள் என யாரும் மயங்கவேண்டா. ஸ்பானியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தது. தமிழ் திராவிடக் குடும்பத்தது. வேறுவேறு ஊர்த் தச்சர் தனித்தனியே செய்த இரு கதவுகளுக்குப் பூட்டின் அமைப்பு ஒத்திருப்பது போன்றதே இவ்வொப்புமை.

ஒரு வினையும் ஆறு ஆட்களும்

ஸ்பானிய ஒழுங்கு வினைகள் மூன்று வகுப்பின. அவை பெயரளவில் நிற்கும்போது ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ என்னும் மூவகை ஈறுகளுள் ஒன்றைப் பெறும். ‘தொமார்’ என்பது எடுத்தல். ‘கொமேர்’ என்பது உண்ணல். ‘சுபீர்’ என்பது ஏறுதல். இவற்றுள் முதல் வகுப்பே மிகப் பெரியது. ‘தொமார்’ என்பதனையே நாம் மாதிரியாகக் கொள்வோம். எடுத்தல் என்பதோடு, கோப்பியோ தேநீரோ அருந்துதல் என்னும் பொருளும் அதற்குண்டு.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்பானியச் சொல்லில் ஓர் அசையை அழுத்தி ஒலிப்பர். அந்த அசையின் உயிரை இங்கே நெடிலாகவும் ஏனையவற்றைக் குறிலாகவும் எழுதியுள்ளேன். நம் எழுத்துக்கு இவ்வகையில் ஒரு வசதி இருப்பதைச் சற்று நேரத்திற் காண்பீர்கள்.

நிகழ்காலம் இது:

தோமொ – எடுக்கிறேன்
தோமஸ் – எடுக்கிறாய்
தோம – எடுக்கிறான், எடுக்கிறாள், எடுக்கிறது
தொமாமொஸ் – எடுக்கிறோம்
தொமாய்ஸ் – எடுக்கிறீர்கள்
தோமன் – எடுக்கிறார்கள், எடுக்கின்றன

‘தொம்’ என்பது பகுதி. அதனை அடுத்துவரும் ‘அ’ வகுப்பைக் காட்டும் உயிர்; நம் சாரியையை ஒத்தது. இறுதியில் நிற்பவை விகுதிகள். தன்மை ஒருமைக்கு ‘ஒ’, முன்னிலை ஒருமைக்கு ‘ஸ்’, படர்க்கை ஒருமைக்கு விகுதியே இல்லை. தன்மைப் பன்மைக்கு ‘மொஸ்’, முன்னிலைப் பன்மைக்கு ‘ய்ஸ்’, படர்க்கைப் பன்மைக்கு ‘ன்’. நிகழ்காலத்தைக் காட்டும் தனி இடைநிலையும் இல்லை. இந்த விகுதிகளை மனத்திற் பதித்துக்கொண்டவர் பாதி வழி கடந்துவிட்டார். ஏனெனில் தன்மை ஒருமை நீங்கலாக ஏனையவை சிறு மாற்றங்களுடன் பெரும்பாலான காலங்களிலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இவ்விடத்தில் இரு மொழிகளின் வேற்றுமையும் புலனாகும். ‘தோம’ என்றால் ஆணா, பெண்ணா, அஃறிணையா என்பது விளங்காது. தமிழ் வினை திணையும் பாலும் ஒருங்கே காட்டும். அங்கே ஒரு சொல் நிற்குமிடத்தில் இங்கே மூன்று நிற்கின்றன.

மரியாதையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பானியர் உரிமையுடையவரைத் ‘தூ’ என்பர். மதிப்புக்குரியவரை ‘உஸ்தேத்’ என்பர். ‘உமது கிருபை’ என்னும் பொருள்படும் பழந்தொடர் தேய்ந்து ‘உஸ்தேத்’ ஆயிற்று. ஆதலால் அது படர்க்கை வினையைக் கொண்டே முடியும். இவ்விரண்டுக்கும் நடுவே ‘வோஸ்’ என ஒரு சொல் உண்டு. அது முதலிற் பன்மையாய் இருந்து, பின்னர் ஒருவரை மதித்து விளிக்கும் சொல்லாய், அதன்பின் மதிப்புக் குறைந்து நெருங்கியோரிடையே வழங்குவதாயிற்று. ஆர்ஜென்டீனாவில் இன்றும் ‘தூ’ என்பதன் இடத்தில் அதுவே வழங்குகிறது. ‘வோஸ் தொமாஸ்’ என்பது அந்நாட்டு வழக்கு. இதைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு ‘நீர்’ நினைவுக்கு வராதிருக்குமா? பண்டை நாளிற் பன்மையாய் நின்ற ‘நீர்’, நம் வீடுகளிலே ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவே அமர்ந்திருக்கிறது. ‘நீர் எடும்’ என்று கூறும் அந்த இதமான நடுநிலையைத் தமிழகத்து நண்பருக்கு விளக்குவது கடினம். ஆர்ஜென்டீனரோ எளிதில் விளங்கிக்கொள்வார்.

இரண்டு இறந்தகாலங்கள்

தமிழ் மாணவன் சற்று நின்று சிந்திக்கவேண்டிய முதல் இடம் இறந்தகாலம். ஸ்பானியத்தில் எளிய இறந்தகாலங்கள் இரண்டு.

செயல் நடந்து முடிந்தது என்று மட்டும் கூறுவது ஒன்று: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன். ‘தொமோ’ என்றால் எடுத்தான். நிகழ்காலத்துத் ‘தோமொ’ என்பதை இதன் அருகே வைத்துப் பாருங்கள். மெய்யும் உயிரும் அவையே. அழுத்தம் இடம் மாறியது. அவ்வளவில், ‘எடுக்கிறேன்’ என்பது ‘எடுத்தான்’ ஆகிவிட்டது. தன்மை படர்க்கையாயிற்று, நிகழ்காலம் இறந்தகாலமாயிற்று. நெடிலையும் குறிலையும் வேறுபடுத்திப் பழகிய தமிழ்க் காதுக்கு இவ்வேறுபாடு தவறாது.

செயல் அந்நாளில் வழக்கமாக நிகழ்ந்துவந்தது, அல்லது நிகழ்ந்துகொண்டிருந்தது என்று கூறுவது மற்றையது: தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன். இங்கே இடைநிலை தெளிவாய் நிற்கிறது. ‘தொமாபமொஸ்’ என்பதைத் தொம், அ, ப, மொஸ் எனப் பிரித்தாற் பகுதி, சாரியை, இடைநிலை, விகுதி என நான்கும் வரிசையாய் அமைகின்றன. பவணந்தியார் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார்.

தமிழில் இவ்விரண்டாம் இறந்தகாலத்துக்குத் தனி இடைநிலை இல்லை. அதனால் நாம் அக்கருத்தைக் கூறமுடியாதவர்களா? இல்லை. ‘அந்நாளிற் பாட்டனார் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பார்’ என்கிறோம். பாட்டனார் மறைந்து பல ஆண்டுகள் சென்றிருக்கலாம். ஆயினும் வினை எதிர்கால வடிவம். முன்னை நாளின் வழக்கத்தைத் தமிழ் எதிர்கால வினையாற் கூறுகிறது. ஸ்பானியர் இவ்விடத்திற் ‘தொமாப’ என்பர். ‘குடித்தார்’ என்றால் அது ஒருநாட் செய்தி. ‘குடிப்பார்’ என்றால் ஒரு வாழ்க்கை கண்முன் நிற்கும். ‘தொமோ’, ‘தொமாப’ என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. இதனை விதியாய்ப் படித்து மயங்குகிறவர், அம்மம்மா பழங்கதை கூறும்போது எந்த வினையை ஆளுகிறார் என்று கேட்டாற் போதும்.

எதிர்காலம் வந்த வழி

எதிர்காலம் தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான் என வரும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. இலத்தீனில் இருந்த பழைய எதிர்கால வடிவம் வழக்கொழிந்தது. மக்கள் ‘எடுத்தல்’ என்னும் வினைப்பெயரோடு ‘உடையேன்’ என்னும் பொருள்படும் துணைவினையைச் சேர்த்துப் பேசத் தொடங்கினர். தொமார் என்பதோடு ‘ஏ’ சேர்ந்து ‘தொமரே’ ஆயிற்று. ‘ஆ’ சேர்ந்து ‘தொமரா’ ஆயிற்று. இன்றைய எதிர்கால விகுதியாகத் தோன்றுவது, முன்னாளில் தனிச் சொல்லாய் நின்ற துணைவினை.

தமிழிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. ‘கிறு’, ‘கின்று’ என்னும் நிகழ்கால இடைநிலைகள் சங்கச் செய்யுள்களில் மிக அருகியே காணப்படுகின்றன; பிற்காலத்திலேயே பெருவழக்காயின. அங்கே எதிர்காலம் புதுப்பிக்கப்பட்டது. இங்கே நிகழ்காலம் உருவெடுத்தது. வாய்பாடு கல்லிற் பொறித்ததன்று என்பதற்கு இவை சான்று. பேசுவோர் வாயிலே அது தேய்கிறது. பேசுவோரே அதனைப் பழுதுபார்த்தும் கொள்கின்றனர்.

எதிர்கால வினையால் ஊகத்தைக் கூறுவதிலும் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. ‘தம்பி இப்போது வீட்டில் இருப்பான்’ என்கிறோம். நாளைய செய்தியைக் கூறவில்லை, இன்றைய ஊகத்தைக் கூறுகின்றோம். ஸ்பானியரும் இவ்விடத்தில் ‘எஸ்தரா என் காச’ என எதிர்கால வினையையே ஆள்வர்.

துணைவினை சேர்ந்த வடிவங்களும் பல. ‘ஏ தொமாதொ’ என்பது ‘எடுத்திருக்கிறேன்’. துணைவினையின் வடிவங்களை மட்டும் கற்றுக்கொண்டால் இவை அனைத்தும் தாமே அமையும். ஆதலால் இங்கே விரிக்கவில்லை.

உள்ளதும் உள்ளத்தில் உள்ளதும்

இனி வருவது ஸ்பானிய வினையின் உயிர்நிலை. வினைக்குக் காலம் மட்டுமன்றிப் பாங்கு என்றொன்றும் உண்டு. நடப்பதை நடப்பதாகக் கூறுவது ஒரு பாங்கு. விருப்பம், ஐயம், அச்சம், வேண்டுகோள் முதலியவற்றில் தோன்றும் செயலை அவ்வாறே கூறுவது மற்றொரு பாங்கு. முதலாவதை உள்ளதன் பாங்கு என்றும், இரண்டாவதை உள்ளத்தின் பாங்கு என்றும் நாம் அழைக்கலாம்.

வடிவமாற்றம் வியப்பூட்டுமளவு சிறியது. முதல் வகுப்பின் ‘அ’ என்னும் உயிர் ‘எ’ ஆகும்: தோமெ, தோமெஸ், தோமெ, தொமேமொஸ், தொமேய்ஸ், தோமென். ஏனைய இரு வகுப்புகளில் இதற்கு நேர்மாறாக ‘எ’ என்பது ‘அ’ ஆகும். ‘கோமெ’ என்றால் உண்கிறான். உள்ளத்தின் பாங்கில் அது ‘கோம’. இரண்டு அயல்வீட்டார் தம் குடைகளை மாற்றிக்கொண்டதைப் போல, உயிர்கள் இடம் மாறி நிற்கின்றன.

‘கியேரொ கெ தோமெஸ்’ என்றால், ‘நீ எடுக்கவேண்டும் என விரும்புகிறேன்’ என்பது பொருள். எடுத்தல் இன்னும் நிகழவில்லை. விருப்பத்தில் மட்டுமே உள்ளது. நம் வியங்கோளுக்கு இப்பாங்கு நெருங்கியது. ஊர்வலங்களில் முழங்கும் ‘விவா’ என்னுஞ் சொல்லை வாசகர் கேட்டிருக்கக்கூடும். வாழ்தலைக் குறிக்கும் ஒழுங்கு வினையொன்றின் உள்ளப்பாங்கு வடிவமே அது. அதற்கு நேரான தமிழ் ‘வாழ்க’.

இப்பாங்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவேன். பார்த்தலைக் குறிக்கும் ‘மிரார்’ என்பதும் ‘தொமார்’ போன்ற முதல் வகுப்பு வினை. வீடு கடலை நோக்கி நிற்பதைக் கடலைப் பார்ப்பதாக நாம் கூறுவதுபோல அவர்களும் கூறுவர்.

பூஸ்கொ ஊன காச கெ மீர அல் மார்.
பூஸ்கொ ஊன காச கெ மீரெ அல் மார்.

‘கடலைப் பார்த்த வீடு ஒன்றைத் தேடுகிறேன்’ என இரண்டையும் மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘மீர’ என்று கூறுபவன் தேடும் வீடு உள்ளது. அதனை அவன் அறிவான். கண்டதும் இதுவே என்பான். ‘மீரெ’ என்று கூறுபவனுக்கு அப்படியொரு வீடு உண்டோ இல்லையோ தெரியாது. கடலைப் பார்த்ததாக எது கிடைப்பினும் அவனுக்குப் போதும். ஓர் உயிரெழுத்து இவ்வளவு பாரத்தையும் சுமக்கிறது.

வலிகாமம் வடக்கில், மயிலிட்டிக் கரையில் வாழ்ந்தவர்கள் 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தார்கள். 2017ஆம் ஆண்டில் மயிலிட்டியின் ஒரு பகுதி மீளக் கையளிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், பற்றை மூடிய நிலத்திலே தம் வீட்டின் அத்திவாரத்தைத் தேடிச் சென்ற முதியவர் ஒருவர் ஸ்பானிய மொழியிற் பேசுவாராயின் எந்த வடிவத்தைக் கூறுவார்? சுவர் இல்லாது போயிருக்கலாம்; கூரை இல்லாது போயிருக்கலாம். ஆயினும் அவர் ‘மீர’ என்றே கூறுவார். அவர் தேடுவது ஏதோ ஒரு வீட்டையன்று. வெளிநாட்டில் பிறந்து, இங்கு விடுமுறை கழிக்க இடந்தேடும் அவருடைய பேரன் ‘மீரெ’ என்று கூறக்கூடும். இலக்கணம் வெறும் விதித்தொகுப்பு என எண்ணும் மாணவர் இவ்விரு சொற்களையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

தமிழ் இந்த வேறுபாட்டை வினையிற் காட்டுவதில்லை. ‘அந்த’, ‘ஏதேனும்’ போன்ற சொற்களாற் காட்டுகிறது. ஆயின் ஸ்பானிய வினையில் இல்லாத வளம் ஒன்று தமிழ் வினைக்கு உண்டு. எடேன், எடாய், எடான், எடோம் என எதிர்மறையையே வினையினுள் அடக்கித் தமிழ் முற்றுவிக்கிறது. ஸ்பானியர் ‘நோ’ என்பதனை முன்னே வைத்தல் வேண்டும். ‘எடாதே’ என ஒரே சொல்லில் நாம் விலக்குவதை, ‘நோ தோமெஸ்’ என உள்ளப்பாங்கு வினையைக் கொண்டு அவர் விலக்குவர்.

உள்ளப்பாங்கில் இறந்தகாலமும் உண்டு. அது ‘தொமார’ என வரும், ‘எடுப்பானாயின்’ என்பது போன்ற பொருள் தரும். எதிர்காலத் ‘தொமரா’ என்பதோடு இதனை ஒப்பிடுக. முன்பு கண்டது போலவே, அழுத்தம் ஒன்றுதான் வேறுபாடு.

ஐம்பதா, இருபதா?

துணைவினை சேர்ந்த வடிவங்களை விடுத்து எண்ணினும், ‘தொமார்’ ஐம்பதளவு வடிவங்களைப் பெறும். மாணவரை அச்சுறுத்துவது இந்தத் தொகையே. ஆனால் ஐம்பதையும் ஐம்பது சொற்களாய் நெட்டுருச் செய்பவர் வீண்பாடு படுகிறார். பகுதி ஒன்று, வகுப்புயிரும் அதன் மாற்றமும் இரண்டு, இடைநிலைகள் சில, விகுதிகள் ஆறு, முற்றிறந்த காலத்துக்கு உரிய தனி விகுதிகள் சில. யாவும் சேர்த்து இருபதளவான உறுப்புகளே. இருபதைக் கற்றால் ஐம்பதும் வரும். பகுதியை மாற்றினால் அவ்வகுப்பின் ஆயிரக்கணக்கான வினைகளும் வரும். ஒழுங்கு வினை என்பதன் பயன் இது.

ஒழுங்கற்ற வினைகளும் உள்ளன. இருத்தல், போதல், உடைத்தாதல் முதலியவை. எந்நேரமும் வாயில் வழங்குவனவே பெரும்பாலும் ஒழுங்கு தப்பி நிற்கின்றன. அன்றாடப் பழக்கம் பழைய வடிவங்களை மறக்கவிடாது காக்கிறது. அரிதாய் வழங்குவன பொதுவிதிக்கு உட்பட்டுவிடுகின்றன. தமிழிலும் ‘வா’ என்பது வந்தான், வருகிறான் எனத் திரிவதை நோக்குக.

எதிர்த்திசையில் வந்த ஒருவர்

நாம் இன்று செய்யும் முயற்சியை எதிர்த்திசையிற் செய்தவர் ஒருவர் உளர். அன்றிக்கே அன்றீக்கசு என்னும் போர்த்துக்கேய இயேசு சபைத் துறவியார் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. அதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே, தமிழ் வினைகளை இலத்தீன் முறைப்படி வாய்பாடாக்கி, போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். இறந்தகாலமும் எதிர்காலமும் பிறவும் எங்கே உள்ளன என்று தேடிக் கண்டறியத் தாம் பட்ட பாட்டைக் கடிதமொன்றில் அவர் குறித்துள்ளார். அக்கையெழுத்துப் பிரதி லிஸ்பனிற் கிடந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது.

அவர் கையில் இருந்த அளவுகோல் இலத்தீன் இலக்கணம். தம் மொழியின் கூறுகளைத் தெளிவாய் அறிந்திருந்தமையால், அயல்மொழியில் எதைத் தேடவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நம் மாணவர் கையில் இருக்கும் அளவுகோலோ இலத்தீனிலும் சிறிதன்று. ஆறுமுக நாவலர் ‘இலக்கணச் சுருக்கம்’ எழுதி அதனைச் சிறுவர் கைக்கும் எட்டச் செய்தார். அளவுகோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கண்ணால் அளக்க முயல்வது பேதைமை.

பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளை ‘எடுக்குது’ என்று கூறும்போது சிரித்துவிடாதீர்கள். வெட்கப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறவாது. ஒரு தாளை எடுத்து நடுவே கோடிடுங்கள். ஒரு பக்கத்தில் அப்பிள்ளை மீரொ, மீரஸ், மீர, மிராமொஸ், மிராய்ஸ், மீரன் என எழுதட்டும். மறுபக்கத்தில் நீங்கள் பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறான், பார்க்கிறோம், பார்க்கிறீர்கள், பார்க்கிறார்கள் என எழுதுங்கள். விகுதிகளின் கீழே இருவரும் கோடிடுங்கள். அதன்பின் ‘கேள்’ என்னும் வினையைக் கொடுத்து, இறந்தகாலத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘கேட்டேன்’ என்பதில் வரும் ‘ட்’ எங்கிருந்து வந்தது என்று பிள்ளை வினவும். அதற்கு விடைகூறப் பாட்டனார் தம் பழைய நன்னூலைத் தூசி தட்டி எடுக்கவேண்டி வரும்.